முதல் அறுப்பு

ஆகஸ்ட் 4, திங்கள்

ருக்சானா மேடம் தானே போன் செய்தார். நான் அழைக்க, உதவியாளர் எடுத்து "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்று சொல்லும் கட்டம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

"அரசி மேடம், நீங்க அனுப்புன அந்தக் குட்டி பாட்டில் காலி. எங்க கடைப் பொண்ணுங்க ஆளுக்குக் கொஞ்சம் அடிச்சே தீர்த்துட்டாங்க. இருபத்தஞ்சாம் தேதி நானே பாண்டிக்கு வரேன். பெரிய பாட்டில் ஒண்ணு ரெடியா வெச்சிருங்க. அதே மாதிரி இருந்தா தீபாவளி ஷெல்ஃப் உங்களுதுதான்."

"அதே மாதிரிதான் இருக்கும்" என்றேன். வேறு எப்படி இருக்கும்?

நுங்கம்பாக்கத்தில் அவர் கடை. பெரிய கம்பெனிச் சரக்கை உள்ளே விடமாட்டார். என்னைப் போலத் தனியாக உட்கார்ந்து கலக்குகிறவர்களின் வாசனைத் திரவியங்கள் மட்டும்தான் அங்கே இருக்கும். அந்த அலமாரியில் என் 'முதல் அறுப்பு' ஏறிவிட்டால் நான் பிழைத்தேன். ஏறாவிட்டால் மும்பைதான். பழைய கம்பெனியின் நாயர் சார் மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருக்கிறார். தரை துடைக்கும் திரவத்துக்கு வாசனை போடும் பிரிவின் தலைமைப் பொறுப்பு, தனி அறை, கார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை, மரியாதைக்குச் சொன்னதுதான்.

ஆகஸ்ட் 6, புதன்

கீழ்வீட்டு அந்துவானெத் அக்கா மாடிப்படியில் நின்று மூக்கை உறிஞ்சினார். வீட்டுக்காரம்மா என்பதால் அவருக்கு உறிஞ்ச உரிமை உண்டு.

"இன்னா அரசி, டெய்லி வீடு தொடைக்கிறியா? ஆஸ்பத்திரி மாரி கமகமன்னு இருக்குது."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, ஊசியாக எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. ஏனென்றால் அந்த ஆஸ்பத்திரி வாசனையைப் போட்டதே நான்தான். பதினெட்டு வருடம் மும்பையில் அதுதான் வேலை. எலுமிச்சைப்புல் வாசனையில் நான் போட்டுக் கொடுத்த தரைத் திரவம் லாட்ஜ், நர்சிங் ஹோம், கல்யாண மண்டபம் என்று எல்லா இடத்திலும் தரையில் கிடக்கிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நல்ல வேலை அது. ஆனால் அதன் பிறகு அந்தப் புல் எங்கே மணந்தாலும் ஜனங்களுக்கு வாளியும் துடைப்பமும்தான் ஞாபகம் வருகிறது.

புல் என்ன பாவம் செய்தது? வெயில் ஏறுவதற்கு முன் அறுத்த எலுமிச்சைப்புல்லைக் கையில் கசக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பச்சையும் புளிப்பும் இஞ்சிக் காரமும் ஒன்றாக ஏறும். அதைத் தரையிலிருந்து தூக்கி மனிதர் கழுத்தில் வைக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு, புருஷனையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரிக்குத் திரும்பியது அதற்குத்தான். கழுத்தில் வைத்தும் விட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

நான் வேலை செய்யும் முறையை யாராவது கேட்டால் சொல்ல ஆசைதான், யாரும் கேட்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வெட்டிவேர், நாரத்தை இலை, மழை விழுந்த மண் வாசனைக்காக ஒன்று, இன்னும் சில சில்லறைகள். இவை எல்லாவற்றையும் நானே கலந்து அடித்தளம் போட்டுவிடுவேன். எலுமிச்சைப்புல் எண்ணெய் மட்டும் கடைசியில்தான் சேரும். அது சீக்கிரம் பறக்கும் சாதி. அந்தக் கடைசி நிறுவையை அவர் செய்வார். என் வீட்டுக்காரர் கலிவரதன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கை ஆடாது, பொறுமை உண்டு. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அளவைச் சொல்வேன். அவர் சின்னத் தராசில் விட்டு, கலக்கி, காகிதப் பட்டையில் தோய்த்து நீட்டுவார். முகர்ந்து தீர்ப்புச் சொல்வது நான்.

நூறு கிராமுக்கு நாலு கிராமில் ஆரம்பித்தோம். புல் எழவே இல்லை. எட்டு என்றேன். அப்போதும் எங்கேயோ பக்கத்துத் தெருவில் நின்றது. மே மாதத்தில் ஒரு நாள் பன்னிரண்டு என்றேன். பட்டையை மூக்கருகில் கொண்டுவந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். "இதுதாங்க! வந்துடுச்சு!" என்று கத்தியதில் அந்துவானெத் அக்கா மேலே ஓடி வந்துவிட்டார். பன்னிரண்டு வைக்க மற்றவர்களுக்குத் துணிச்சல் வராது. ருக்சானாவுக்குப் போனது அந்தப் பன்னிரண்டுதான்.

எண்ணெய் டப்பாவை இன்று அலமாரியிலிருந்து இறக்கினேன். நல்ல கனம். திண்டிவனம் பக்கம் புல் போட்டு எண்ணெய் வடிக்கும் தாண்டவராயன் தாராள மனசுக்காரர், கூடவே ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அக்கா வீட்டுப் பூனை இப்போதெல்லாம் மாடிக்கு வருவதில்லை. பூனைக்கெல்லாம் ரசனை எதிர்பார்க்க முடியாது.

ஆகஸ்ட் 14, வியாழன்

எலுமிச்சைப்புல் போட்டுத் தேநீர் வைத்தேன். வெந்நீர் மாதிரி இருந்ததால் இன்னும் ஒரு பிடி, அப்புறம் இன்னொரு பிடி போட்டேன். வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரோடு பால்கனிக்குப் போனார். திரும்பி வரும்போது டம்ளர் காலி. செம்பருத்தித் தொட்டியில் ஈரம் இருந்தது. பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? இந்த மனிதருக்கு அது மட்டும் வராது.

சனிக்கிழமை காரைக்கால் போகிறார். தங்கை மகளுக்கு வளைகாப்பு. "நான் திங்கக்கிழமை ராத்திரிக்குள்ள வந்துடுவேன். அந்தப் பெரிய பாட்டில் நான் வந்தப்புறம் பண்ணிக்கலாம், என்ன?" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். இருபத்தைந்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, எனக்கென்ன அவசரம் என்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ருக்சானா மேடத்துக்குப் பெங்களூர் பயணம் ரத்தாம். நாளைக்கே வருகிறாராம்! "பரவால்லையா?" என்றார். "தாராளமா வாங்க" என்றேன். வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொல்லலாம் என்று எடுத்தேன், பந்தியில் இருப்பார் என்று வைத்துவிட்டேன். சொன்னால் பஸ் ஏறி வந்து நிற்பார். ஒரு எண்ணெயை நிறுக்க எனக்கு இன்னொரு ஆள் வேண்டுமா?

நானே கலந்தேன். பன்னிரண்டு, சுத்தமாக. ஒரு சொட்டும் தப்பவில்லை. முகர்ந்து பார்த்தேன். அருமை. மே மாதத்தில் வந்த அதே அருமை. கலக்கும்போது கண் எரிந்து தண்ணீர் வந்தது. காலையில் சாம்பாருக்கு வெங்காயம் உரித்த கை.

ஆகஸ்ட் 18, திங்கள்

எழுதவே பிடிக்கவில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் நான் பயந்த மாதிரி ஆகிவிடும்.

பதினோரு மணிக்கு வந்தார். பருத்திப் புடவை, நகை இல்லை, வாசனை இல்லை. வேலை தெரிந்தவர். மூடியைத் திறந்து பட்டையில் தோய்த்து ஒரு தடவை வீசி மூக்கருகில் கொண்டுபோனார். தலை பின்னால் போனது. நாகரிகமானவர் என்பதால் உடனே முன்னால் கொண்டுவந்தார்.

"மேடம், இது அது இல்ல."

"அதேதான். அதே அளவு, அதே எண்ணெய்."

"தப்பா நெனச்சுக்காதீங்க. லிஃப்ட்ட இப்பத்தான் தொடச்சுட்டுப் போன மாதிரி இருக்கு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம் ஏசியில் வந்தால் எந்த மூக்கும் களைத்துத்தான் இருக்கும், கொஞ்சம் காபி குடித்துவிட்டுப் பாருங்கள் என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவர் காபி குடித்தார். மறுபடி முகர்ந்தார். ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டார். அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க முதல்ல அனுப்புனதுக்கு நான் அப்படியே விழுந்துட்டேன். அது எனக்கு வேணும். முப்பதாம் தேதி இங்க ஒரு நிக்காஹ்வுக்கு வரேன். அன்னிக்கு அதைக் காட்டுங்க. இல்லன்னா அந்த இடத்த வேற ஒருத்தருக்குக் குடுத்துருவேன், எனக்கும் வேற வழியில்ல."

ராத்திரி வீட்டுக்காரர் காரைக்காலிலிருந்து வந்தார். படியேறி வரும்போதே இருமினார். கதவைத் திறந்து உள்ளே பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன்.

"ஊறல அரசி, அதான். ஒரு வாரம் ஊறியிருந்தா சரியாயிருக்கும்" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார்.

ஊறாத சரக்கையும் ஊறிய சரக்கையும் எனக்குத் தெரியாதா? இது எண்ணெயின் கோளாறு. தாண்டவராயன் எதையோ கலந்து விட்டிருக்கிறார். தாராள மனசின் லட்சணம் இப்போது தெரிகிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தாண்டவராயனைப் போனில் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டேன். மனிதர் திருப்பிப் பேசவில்லை. "நாளைக்கு வந்து அந்த டின்ன எடுத்துக்கறம்மா. மழைக்கப்புறம் அறுத்த புதுப் புல்லுல வடிச்சது வெச்சிருக்கேன், அத வெச்சுட்டுப் போறேன்" என்றார்.

அவர், அதாவது என் வீட்டுக்காரர், "பாவம், அந்தாள ஏன் திட்டற?" என்றார். "உங்களுக்கு யாரு மேலதான் பாவம் வராது?" என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

தாண்டவராயன் வந்தார், புது டப்பாவை வைத்தார், பழையதை எடுத்துக்கொண்டு போனார். போவதற்கு முன் பழையதைத் தராசில் வைத்தேன். எவ்வளவு திருப்பித் தருகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரிய வேண்டுமே.

தராசு காட்டிய எடையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றேன். மே மாதத்திலிருந்து கலந்ததையெல்லாம் மனதில் கூட்டிப் பார்த்தேன். எப்போதோ தீர்ந்திருக்க வேண்டிய டப்பா. ஞாயிறன்று நானே விட்டது போக, தீர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் தீர்ந்திருந்தது. "கூட ஊத்திக் குடுத்தீங்களா?" என்றேன். "எனக்கு அது கட்டுப்படியாகாதும்மா" என்றார் தாண்டவராயன்.

சாயங்காலம் அவர் பள்ளியிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

"பன்னெண்டுன்னு நான் சொன்னப்ப நீங்க எவ்வளவு விட்டீங்க?"

ஒற்றைச் செருப்போடு நின்றார். "நாலு."

"எப்பத்துலேருந்து?"

"மே மாசத்துலேருந்து."

"அப்ப நான் வந்துடுச்சுன்னு குதிச்சேனே, அன்னிக்கு?"

"அன்னிக்கும் நாலுதான் அரசி."

அக்கா கேட்டிருப்பார், தெரு கேட்டிருக்கும். எனக்குக் கவலையில்லை. "என்ன பொம்மைன்னு நெனச்சீங்களா? நான் நம்பரச் சொல்றது, நீங்க தலைய ஆட்டிட்டு உங்க இஷ்டத்துக்கு விடறது!"

"எட்டு விட்டப்ப எனக்கு மூச்சு முட்டிச்சு. கண்ணுல தண்ணி வந்துது. நீ பட்டைய மூக்குல ஒட்டி வெச்சிக்கிட்டு, ஒண்ணுமே எழலயேன்ன. அப்பதான் எனக்கு வெளங்குச்சு. இந்தப் புல்லு மட்டும் உனக்கு வரல."

"சொல்ல வேண்டியதுதான?"

"உன்கிட்ட உன் மூக்கு சரியில்லன்னு யாரு சொல்றது? சொன்னா நீ எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு மறுபடி பம்பாய்க்குக் கிளம்பிடுவ. ரெண்டு வருஷமா உன் மூஞ்சில நான் பாத்த சிரிப்பு அங்க பதினெட்டு வருஷத்துல பாக்கல."

"கூட இருந்து இவ்வளவுதான் என்னைத் தெரிஞ்சுதா?" என்றேன். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான், ஆனாலும் அழுகை. ருக்சானா விழுந்தது என் வாசனைக்கு இல்லை. ஒரு கணக்கு வாத்தியார் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தனக்குத் தாங்கும் அளவுக்கு விட்ட சொட்டுக்கு விழுந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பேசவில்லை. அவர் உப்புமா செய்தார். நான் சாப்பிட்டேன், பேசவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

அவர் சொன்னதற்காக நம்பிவிட முடியாது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு சோதனை உண்டு. மூன்று பட்டை, இரண்டில் ஒன்றும் இருக்காது, ஒன்றில் மட்டும் வாசனை இருக்கும். எது என்று சொல்ல வேண்டும். மும்பையில் வேலைக்கு வந்த எத்தனையோ பேரை இந்த மூன்று பட்டையை வைத்து நான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

"புல்ல வெச்சு பண்ணுங்க. நான் முதுகைத் திருப்பிக்கிறேன்" என்றேன்.

முதல் தடவை நடுப்பட்டை என்றேன். அவர் பட்டைகளை வாங்கிக் குப்பையில் போட்டார். இன்னொரு தடவை என்றேன். இந்தத் தடவை இடது. மூன்றாம் தடவை வெகுநேரம் எடுத்துக்கொண்டு வலது என்றேன். திரும்பிப் பார்த்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு நாரத்தை இலை வைத்துச் சோதித்தோம், வெட்டிவேர் வைத்துச் சோதித்தோம். ஒன்றுகூடத் தப்பவில்லை. பட்டையில் தோய்த்த மாத்திரத்தில் மூக்கருகில் வருமுன்பே அது வெட்டிவேர் என்று சொன்னேன், எந்த வயதுச் சரக்கு என்றும் சொன்னேன். புல் மட்டும் இல்லை. அவர் நீட்டியது எனக்கு வெறும் காகிதம். மே மாதத்தில் நான் முகர்ந்தது எண்ணெயை இல்லை, பன்னிரண்டு என்ற நம்பரைத்தான்.

மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்போது ஒன்றே ஒன்று போனால் போனது தெரியாது. அதனால்தான் எனக்குத் தெரியவில்லை. இதை எனக்குச் சமாதானமாக எழுதவில்லை, உண்மையாகவே அப்படித்தான். மும்பையில் ஒரு மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்காருவோம். ஒருவர் மூக்கு தப்பினால் இன்னொருவர் கத்துவார். இங்கே ஜன்னலோரம் நான் ஒருத்தி.

ஆகஸ்ட் 25, திங்கள்

காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போனோம். சின்ன வயசு, அமைதியாகப் பேசினார்.

"மத்த வாசனையெல்லாம் உங்களுக்கு என்னைவிட நல்லா வருதும்மா. வருஷக்கணக்கா அந்த ஒண்ணுலயே இருந்திருக்கீங்க, அது மட்டும் மங்கிப்போச்சு. கொஞ்ச காலம் அதை விட்டு விலகி இருந்தீங்கன்னா திரும்பலாம். உறுதி சொல்ல முடியாது."

"விலகி இருன்னா எப்படி டாக்டர்? நீங்க ஸ்டெதஸ்கோப்ப விட்டு விலகி இருப்பீங்களா?"

"அரசி" என்றார் வீட்டுக்காரர், என் காலை லேசாக மிதித்து. மூக்கு போனாலும் வாய் போகவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது ஒன்று தெளிவானது. மும்பைக்குப் போனாலும் இதே மூக்கைத்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே எந்நேரமும் அந்தப் புல்தான். தலைமை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பட்டையை முகர்கிற மாதிரி முகர்ந்து, மற்ற நாலு பேர் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அப்படிப் பிழைக்கிறவர்களை எனக்குத் தெரியும். நான் அந்த ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நாயர் சாருக்குப் போன் செய்து வரவில்லை என்றேன். காரணம் கேட்டார். காரணத்தையும் சொன்னேன். மனிதர், "சொல்லியிருக்க வேண்டாமே அரசி, யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார். எனக்குத் தெரியும் சார் என்றேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை ஆனது, பூஜை ஆனது. அவருக்குப் பள்ளி விடுமுறை. மேசையைத் துடைத்து, அடித்தளக் கலவையை எடுத்து வைத்தேன்.

"நாலு விட்டுட்டா முடிஞ்சுது" என்றார்.

"முடியாது. இது மழைக்கப்புறம் அறுத்த புல்லு, வேற வீரியம். பழைய எண்ணெய நான்தான் திட்டித் திருப்பி அனுப்பிட்டேனே. இதுக்கு நம்பர் கிடையாது, மூக்குதான். என்னுதில்ல, உங்களுது."

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டார். "எனக்கு என்ன தெரியும் அரசி?"

"மூணு மாசமா என் முதுகுக்குப் பின்னாடி தெரிஞ்சுதில்ல? இப்ப முன்னாடி உட்காருங்க."

ஜன்னலோரம் என் இடத்தில் அவரை உட்கார வைத்தேன். தராசுப் பக்கம் நான் உட்கார்ந்தேன். அவர் இருக்கும்போது இந்த மேசையில் நான் இந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். ஒவ்வொரு தடவையும் கலக்கி, தோய்த்து, நீட்டினேன். அவர் கண்ணை மூடி முகர்ந்து, இன்னும் என்பதற்குத் தலையை ஆட்டினார். வாத்தியார் விடைத்தாள் திருத்துகிற முகம். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"நிறுத்து" என்றார் ஒரு இடத்தில்.

என் கை அந்தரத்தில் நின்றது. பட்டையை வாங்கி முகர்ந்தேன். வெட்டிவேர் இருந்தது, ஈர மண் இருந்தது, நாரத்தை இலை இருந்தது. நடுவில் அறுப்பு முடிந்த வயல் மாதிரி வெறுமையாக இருந்தது. இன்னும் விடு, இன்னும் விடு என்று கை துடித்தது. என் வாழ்க்கையில் நான் சரி என்று நினைக்காத எதையும் பிறர் சொல்லிச் சரி என்று ஒப்புக்கொண்டதில்லை. டாக்டரிடம்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

எண்ணெயை மூடி வைத்தேன். தராசில் இருந்த அளவைப் படித்து எழுதிக்கொண்டேன். மூன்று புள்ளி ஒன்று. பழைய நாலை விட்டிருந்தால் இதுவும் கெட்டிருக்கும்.

ஆகஸ்ட் 30, சனி

ருக்சானா மேடம் நிக்காஹ் வீட்டிலிருந்து நேரே வந்தார். பட்டுப் புடவை, கையில் மருதாணி. பாட்டிலைத் தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். சொல்லிவிட்டேன்.

"மேடம், அன்னிக்கு உங்க மூக்கு களைச்சிருக்குன்னு சொன்னேன். களைச்சது என்னோட மூக்குதான். எலுமிச்சைப்புல் எனக்கு இப்ப வர்றதில்ல. மத்ததெல்லாம் நான் போட்டது. புல்ல எங்க நிறுத்தணும்னு சொன்னது இவரு. அப்பவும் இவருதான், இப்பவும் இவருதான். இத நீங்க தெரிஞ்சுக்கிட்டுத்தான் முகந்து பாக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார், வாசலோரம் பள்ளிப் பிள்ளை மாதிரி நின்றிருந்த இவரைப் பார்த்தார். பட்டையைத் தோய்த்தார். பிறகு மருதாணிக் கையின் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றார். எனக்குப் பயமாக இருந்தது, எழுதியே விடுகிறேன்.

"இதுதான்" என்றார். "சொல்லப்போனா அதவிட நல்லாருக்கு."

தீபாவளி அலமாரி கிடைத்துவிட்டது! படியிறங்கும்போது ருக்சானா மேடம் திரும்பி, "பாட்டில் பக்கத்துல ஒரு அட்டை வெப்போம். இது எப்படி மணக்கும்னு ரெண்டு வரி எழுதி அனுப்புங்க, நாளைக்குள்ள" என்றார்.

சாப்பிட்ட பிறகு அந்த இரண்டு வரியை எழுத உட்கார்ந்தேன். வெட்டிவேரைப் பற்றி எழுதினேன், மண்ணைப் பற்றி எழுதினேன். நடுவில் வர வேண்டியதை எழுத முடியவில்லை. பழைய ஞாபகத்திலிருந்து எழுதினால் பொய்யாகிவிடும். இப்போது இந்தப் பாட்டிலில் இருக்கும் புல்லை எனக்குத் தெரியாது.

"வாங்க இங்க. எப்படி இருக்குன்னு நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

"நல்லாருக்கு."

"அது விமர்சனம். வாசனையச் சொல்லுங்க. சரி, அத விடுங்க. நிறுத்துன்னு சொன்னீங்களே, எப்படித் தெரிஞ்சுது? நாலுன்னும் மூணு புள்ளி ஒண்ணுன்னும் உங்களுக்கு யாரு சொன்னா?"

மேசையைச் சுரண்டினார். இந்த மனிதரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவது பல் பிடுங்குகிற மாதிரி.

"பம்பாய்ல நீ வேலை முடிஞ்சு வருவ இல்ல. வந்த உடனே கிட்ட வந்தா நெடி அடிக்கும், அது ஃபாக்டரி. சோப்பு போட்டு கையக் கழுவிட்டு வந்து எனக்கு சோறு போடுவ பாரு, அப்ப கையிலேருந்து லேசா ஒண்ணு வரும். தெனம் வரும். அந்த எடம் வந்ததும் நிறுத்துன்னு சொல்லிட்டேன். அதுக்கு மேல போனா அது நீ இல்ல."

பதினெட்டு வருடம் நான் அப்படி மணந்திருக்கிறேன். எனக்குத் தெரியாது.

அட்டையில் இதைப் போட மாட்டேன். ருக்சானாவுக்கு வேறு ஏதாவது எழுதி அனுப்பிக்கொள்ளலாம். கையை மேசைமேல் அவர் பக்கம் நீட்டினேன்.

"இப்ப இருக்கா?"

குனிந்து முகர்ந்துவிட்டு, "இருக்கு" என்றார்.